ஏழு வெள்ளைக் கீற்றுகள்

ஜூன் 4

தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. நான் நலமாக இல்லை. காரணம் நீ.

கண்காட்சி அழைப்பிதழ் இன்று காலை வந்தது. என் ஒற்றைக் கோட்டுப் படத்தைத்தான் அட்டைப் படமாகப் போட்டிருக்கிறார்கள். எட்டடிக் கோட்டை ஒரு சாண் அட்டைக்குள் அடைத்துவிட்டார்கள், அது போகட்டும். அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்தான். பிறகு கண் கோட்டின் கடைசிக்குப் போனது.

கோட்டின் வலது கடைசியில், தூரிகையில் மை தீர்ந்து தாள் தெரிகிற இடம் இருக்கிறதே, அங்கே ஏழு வெள்ளைக் கீற்றுகள் இருக்க வேண்டும். உன்னிடம் பின்தாள் ஒட்டக் கொடுத்தபோது ஏழும் இருந்தன. அட்டையில் பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன். மூன்று. திரும்ப எண்ணினேன். மூன்றேதான். மற்ற நாலும் இருந்த இடம் புதுத் தார் போட்ட ரோடு மாதிரி இருக்கிறது.

அச்சுக் கோளாறு என்று சொல்லாதே. அச்சு மங்கலாக்கும், கறுப்புப் பூசாது. பிப்ரவரியில் உன் கடையில் கொடுத்த பிறகு அந்தப் படத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை. நீதான் பின்தாள் ஒட்டினாய், நீதான் பலகையில் ஏற்றினாய், நீதான் நேராகக் கண்காட்சி அரங்கத்துக்கு அனுப்பினாய். நான் வேறு யாரைப் போய்க் கேட்பேன்?

போனில் கூப்பிடாதே, எடுக்கமாட்டேன். நீ "அக்கா..." என்று இழுத்தால் என் கோபம் பாதியாகிவிடும். எனக்கு முழுக் கோபமும் வேண்டும். எழுது.

அக்கா


ஜூன் 9

அக்காவுக்கு,

மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. சொன்ன சொல் தவறாதவள்தான் நீ. சரி, எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதற்குப் பிறகு இவ்வளவு நீளமாக நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் யார் முகத்தில்தான் குழி தெரியாது? படம் எடுத்தவன் வெளிச்சத்தை எப்படிப் போட்டானோ, அச்சடித்தவன் மையை எவ்வளவு கொட்டினானோ. நீ அட்டையைப் பார்த்து அழுகிறாய். நான் சுவரைப் பார்த்தேன். வாசலில் நுழைந்ததும் எதிரே இருக்கிறதே, அந்தப் பெரிய சுவர் முழுக்க உன் ஒரே படம். இடது பக்கமும் வலது பக்கமும் காலியாக விட்டிருக்கிறார்கள். மற்ற முப்பத்தொன்பது படங்களையும் நான்தான் மாட்டப்போகிறேன். அவற்றில் எதற்கும் அந்த மரியாதை கிடையாது.

பதினொரு வருஷமாக நீ அந்த அரங்கத்துக்கு விண்ணப்பம் போடுகிறாய். மூன்று தடவை நேர்முகம் வரை போய்த் திருப்பி அனுப்பினார்கள். என்ன எழுதி அனுப்பினார்கள் என்று உனக்கு நினைவிருக்கும்: "முழுமை பெறாத வேலை." அந்தக் கடிதத்தை நீ சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாய். இப்போது அதே தேர்வுக் குழு, அதே தலைவர், எதிர்ச் சுவரைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழியை உடைக்காதே, அக்கா. உனக்கு ஐம்பத்து நாலு வயது. இன்னொரு பதினொரு வருஷம் காத்திருக்கப்போகிறாயா?

திறப்பு ஜூலை ஒன்று. நல்ல புடவையாகப் பார்த்து எடுத்து வை. உன் தம்பி பெண்டாட்டி விசாரித்தாள்.

தம்பி


ஜூன் 13

தம்பிக்கு,

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். "நான் ஒன்றும் செய்யவில்லை" என்ற மூன்று வார்த்தையை மட்டும் அதில் காணோம். நீ பொய் சொல்லமாட்டாய், சுற்றி வளைப்பாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

உனக்குத் தெரிந்ததையே திரும்ப எழுதுகிறேன், ஏனென்றால் மறந்தவன் மாதிரி எழுதியிருக்கிறாய். குடிநீர் வாரியத்தில் இருபத்திரண்டு வருஷம் வரைபடம் போட்டேன். குழாய்க் கோடு, வால்வு, தொட்டி. தொடங்கும் இடத்தில் என்ன தடிமனோ முடியும் இடத்திலும் அதே தடிமன் இருக்க வேண்டும். ஒரு மயிரிழை மாறினால் மேலதிகாரி சிவப்பு மையில் வட்டம் போடுவார். தண்ணீரைப் பற்றியே வரைந்துகொண்டிருந்தேன், ஒரு படத்திலாவது தண்ணீர் இருந்ததா? இல்லை.

பிறகு அந்தச் சீன எழுத்துக் கண்காட்சிக்குப் போனோம், நீயும் வந்தாய். ஒரு தாள், அதில் குறுக்கே ஒரே ஒரு கோடு. "ஒன்று" என்பதற்கு அவர்கள் எழுதுவது அவ்வளவுதான் என்று பக்கத்தில் போட்டிருந்தது. எனக்குச் சீன மொழி தெரியாது. இன்றைக்கு வரைக்கும் அந்த ஒரு எழுத்துதான் தெரியும். ஆனால் அந்தக் கோடு தொடங்கும்போது கனமாக இருந்தது, நடுவில் மூச்சு வாங்கியது, கடைசியில் மை தீர்ந்து தாளின் வெள்ளை உள்ளே புகுந்து வந்தது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பறக்கும் வெள்ளை. "சிவப்பு வட்டம் போடறதுக்கு இங்க ஆளே இல்ல" என்று நான் சொன்னேன், நீ சிரித்தாய்.

மூன்று வருஷம் ஏரிக்கரைக்குப் போனேன். காற்று வருகிற திசையில் தண்ணீர் முதலில் கறுக்கும், பிறகு உடைந்து வெள்ளையாகும். அதைத்தான் அந்த ஒரே எழுத்தால் எழுத நினைத்தேன். ஆயிரக்கணக்கில் தாளைக் கசக்கி எறிந்தேன். ஒரு நாள், ஒரு மூச்சில், அது வந்தது. அதனால்தான் படத்துக்குக் "காற்று" என்று பெயர் வைத்தேன். போட்ட கோட்டின் மேல் திரும்பக் கை வைக்கக் கூடாது. அந்த எழுத்துக்காரர்களின் முதல் சட்டம் அது. நானே வைக்கமாட்டேன். இன்னொருவர் வைக்க விடுவேனா?

ஈரத்தாளைத் தூக்கும்போது உன் இடது கை எப்போதும் கொஞ்சம் முந்தும். எனக்குத் தெரியாதென்று நினைத்தாயா? நேராகக் கேட்கிறேன். கிழித்தாயா?

அக்கா


ஜூன் 18

அக்கா,

ஆமாம். கிழித்தேன்.

மார்ச் மாதம் இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை, பிற்பகல். தாளைக் குப்புறப் போட்டுத் தண்ணீர் தெளித்து, பசை தடவி, பின்தாளை வைத்துத் தேய்த்தாயிற்று. தூக்கும்போது இடது கை முந்தியது. நீ சொன்னது சரிதான். கீற்றுகள் இருக்கும் இடத்தில் மை இல்லாமல் தாள் தனியாகத்தானே நிற்கிறது, அங்கேதான் போயிற்று. இரண்டு விரல் அகலம். கிழிந்த துண்டு பசையோடு கூழாகிவிட்டது, திருப்பி வைக்க வழியில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு, "அண்ணிக்கு இப்பவே சொல்லிடுங்க" என்றாள்.

ஏன் சொல்லவில்லை தெரியுமா? ஒன்பது வருஷத்துக்கு முன்னால் உன் பாறைப் படத்தின் மூலையைக் கிழித்தேன். கிழித்த அதே நிமிஷம் போன் போட்டுச் சொன்னேன். நீ என்ன செய்தாய்? இரண்டு வருஷம் பேசவில்லை. அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது, நீ எனக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு நர்ஸிடம் கேட்டாய். "உங்க அக்கா, ஊசி போட்டாச்சான்னு கேக்கறாங்க" என்று அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள். "போட்டாச்சுன்னு சொல்லுங்க" என்றேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். அவர் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

உண்மையைச் சொன்னவனுக்கு இரண்டு வருஷம் தண்டனை. அதை ஒருமுறை அனுபவித்தவன் மறுபடியும் வந்து கழுத்தை நீட்டுவானா?

அதனால் ஒரு பட்டை செய்தேன். அதே தாளில் ஒரு துண்டை வெட்டி, மை பூசி, ஓரத்தை நகத்தால் நைத்து மெல்லிசாக்கி, ஓட்டையின் மேல் ஒட்டினேன். ஓட்டையை மட்டும் மூடினால் ஒட்டு தெரிந்தது. பக்கத்துக் கீற்றுகளையும் சேர்த்து மூடினேன்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள், கோபம் வந்தால் வரட்டும். உன் கோட்டை மூன்று தடவை தள்ளிய அதே தலைவர் இந்தத் தடவை படத்தின் முன்னால் நின்று, "இப்பதான் முழுமையா வந்திருக்கு" என்று விரலை நீட்டிக் காட்டினார். எந்த இடத்தில் என்று நினைக்கிறாய்? என் பட்டையின் மேல்.

தம்பி


ஜூன் 22

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் அரங்கத்துக்கு எழுதிவிட்டேன். அந்தப் படம் என்னுடையது அல்ல, திரும்பக் கொடுங்கள் என்று. பதில் வந்துவிட்டது. ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவின்படி கண்காட்சியின் கடைசி நாள் வரை படத்தைச் சுவரிலிருந்து அகற்ற யாருக்கும் உரிமை இல்லையாம், கலைஞருக்கும் இல்லையாம். கூடவே ஒரு வரி: "தங்கள் பதற்றத்தைப் புரிந்துகொள்கிறோம்." என் பதற்றத்தைப் புரிந்துகொள்கிறார்களாம்! கோட்டைப் புரிந்துகொள்ளத் துப்பில்லை.

நான் சொல்வதைக் கேள். முழுமை இல்லை என்று மூன்று தடவை தள்ளினார்களே, அப்போதெல்லாம் எனக்கு வலித்தது, ஆனால் வெட்கமாக இல்லை. இப்போது எதிர்ச் சுவரைக் கொடுத்திருக்கிறார்கள், எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர்கள் கேட்டது ஒரே தடிமனில் ஒரு குழாய்க் கோடு. அதை அவர்களுக்கு நீ போட்டுக் கொடுத்திருக்கிறாய். இருபத்திரண்டு வருஷம் போட்டு எதை விட்டு ஓடி வந்தேனோ, அதன் கீழே என் பெயரை மாட்டியிருக்கிறாய்.

நீ ஒட்டியது. எப்படிப் பிரிப்பது என்று உனக்குத்தான் தெரியும். பிரி. ஓட்டை தெரிந்தால் தெரியட்டும். கிழிந்தாலும் காற்று காற்றுதான்.

இரண்டு வருஷத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். அது வேறு விஷயம். இல்லை, வேறு விஷயம் இல்லை. நர்ஸை நான் மறந்திருந்தேன். அப்பா தூங்கவில்லை என்பது எனக்கும் தெரியும். அதைப் பற்றி இப்போது எழுதினால் இதை விட்டுவிடுவேன். இதை விடப்போவதில்லை.

அக்கா


ஜூன் 25

அக்கா,

முடியாது.

அந்த அரங்கத்துக்குப் பதினாறு வருஷமாக நான்தான் படம் ஒட்டுகிறேன், மாட்டுகிறேன். என்னிடம் கொடுத்த படம் கிழிந்தது, நான் மறைத்தேன் என்று தெரிந்தால், எந்தக் கலைஞன் என் கடை வாசலை மிதிப்பான்? உனக்கு ஒரு சுவர் போகும். எனக்குத் தொழிலே போகும். "பிரி" என்று ஏரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு சுலபமாக எழுதிவிட்டாய்.

இன்னொன்று. குழாய்க் கோடு என்று எழுதினாயே, அதுதான் சுருக்கென்று தைத்தது. அந்தப் பட்டையைக் கண்ட கையால் பூசவில்லை நான். நாலு நாள் வேறு தாளில் போட்டுப் பார்த்தேன். உன் தோள் எப்படித் திரும்பும், எந்த இடத்தில் மூச்சை விடுவாய், எல்லாம் எனக்குத் தெரியும். நீ தூரிகை பிடித்த நாளிலிருந்து பார்க்கிறேன். ஐந்தாம் நாள் ஒரே இழுப்பில் போட்டேன். என்னாலும் முடிந்தது. நீ அனுப்பிய ஒவ்வொரு தாளையும் என் கையால் நனைத்து, நிமிர்த்தி, உயிரோடு சுவருக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு பெயர் அட்டையிலாவது "ஒட்டியவர்" என்று போட்டதுண்டா? முதல் தடவையாக ஒருவர் என் வேலைக்கு முன்னால் நின்று நன்றாக இருக்கிறது என்றார். அதைப் பிய்த்துப் போடு என்கிறாய்.

உனக்கு வேண்டுமானால் நீயே வந்து பிரித்துக்கொள். நான் தொடமாட்டேன்.

தம்பி


ஜூலை 2

அக்கா,

நீ திறப்புக்கு வருவாய் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. நடந்ததைப் பத்திரிகையில் படிப்பதற்கு முன் என்னிடமிருந்து தெரிந்துகொள்.

பதினொரு மணிக்குத் திறப்பு. ஒன்பதரைக்கே தலைவர் பத்திரிகைக்காரர்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் ஏணியில் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தேன். உன் படத்தின் முன்னால் வந்து நின்றார். வழக்கம்போல விரல் நேராகப் பட்டைக்குப் போனது. "இந்த இடத்தப் பாருங்க. தயக்கமே இல்ல. முழுமைன்னா இதான்" என்றார். ஏணி மேல் எனக்கு இனித்தது, அக்கா. பொய் சொல்லவில்லை, நன்றாகவே இனித்தது.

அப்போது அவர்களில் ஒரு பெண், குள்ளமாக, தோளில் பெரிய பை, கேட்டாள்: "படத்துக்குக் காத்துன்னு பேர் போட்டிருக்கீங்களே சார், காத்து எங்க?"

தலைவர் இடது பக்கம் காட்டினார், நடுவில் காட்டினார். "அது ஒரு உணர்வும்மா" என்றார். அந்தப் பெண் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தேடுகிறாள், கிடைக்கவில்லை. ஏதோ தன் கண்ணில்தான் கோளாறு என்பது மாதிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. காற்று எங்கே என்று அந்த மண்டபத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். என் பட்டைக்குக் கீழே மூன்று கீற்று மூச்சு முட்டிக்கொண்டு கிடக்கிறது.

இறங்கினேன். பின்னறையில் வெந்நீர் வைத்துத் துண்டை நனைத்துப் பிழிந்தேன். படத்தைச் சுவரிலிருந்து இறக்கி மண்டபத்து மேசையில் மல்லாத்தினேன். தலைவர் ஓடி வந்தார்.

"என்னய்யா பண்றே?"

"நான் ஒட்டினத நானே பிரிக்கறேன் சார்."

"பதினோரு மணிக்குத் திறப்புய்யா!"

"நல்ல கோதுமைப் பசை சார். பத்து நிமிஷத்துல வந்துடும்."

வந்துவிட்டது. ஓரத்தை நகத்தால் தூக்கியதும் வாழைப்பட்டை மாதிரி உரிந்தது. கீற்றுகள் அப்படியே இருந்தன. நடுவில் என் ஓட்டை, அதற்குள் பின்தாளின் பழுப்பு. அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். "ஓ" என்றாள். மறுபடியும் கண்ணாடியைத் துடைக்கவில்லை.

தலைவர் குறுக்கே வந்து நின்றார். படத்தைச் சுவரில் ஏற்றாதே என்றார். "ஏத்தாம இருக்கலாம் சார். ஆனா ஏன் ஏத்தலன்னு அந்தச் சுவத்துல எழுதிப் போடணும். நீங்க எழுதறீங்களா, நான் எழுதட்டுமா?" என்றேன். பத்திரிகைக்காரர்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் போய்விட்டார். நான் ஏற்றினேன்.

பிறகு உன் பெயர் இருந்த அட்டைக்குக் கீழே இன்னொரு அட்டை வைத்தேன். என் கையெழுத்து கோழிக் கிறுக்கல்தான், ஆனாலும் வாசிக்கலாம். "கோடு அவருடையது. கிழிசல் என்னுடையது. மூன்றரை மாதம் மறைத்து வைத்திருந்தேன். இப்படிக்கு, ஒட்டியவன்."

தொழில் போகுமா என்று தெரியாது. ஒரு கலைஞர் என் கடையில் ஒட்டக் கொடுத்திருந்த படத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும்.

பிரித்த பட்டையை இதோடு அனுப்புகிறேன். பார். நான் சும்மா சொல்லவில்லை. நன்றாகத்தான் போட்டிருக்கிறேன்.

தம்பி


ஜூலை 7

தம்பிக்கு,

நான் வந்திருந்தேன். திறப்பன்று இல்லை, மூன்றாம் தேதி, உன் கடிதம் கையில் கிடைப்பதற்கு முன்னால். தெரிந்து வரவில்லை. கைப்பையில் ஒரு பாட்டில் தண்ணீரும் துண்டும் இருந்தன; காவல்காரர் அசந்த நேரமாகப் பார்த்து நானே பிரிக்கலாம் என்று வந்தேன். பழைய வாயில் புடவையில்தான் வந்தேன், தம்பி பெண்டாட்டியிடம் சொல்லிவிடு.

எதிர்ச் சுவருக்கு முன்னால் இருபது பேர் நின்றார்கள். எட்டிப் பார்க்க இடமில்லை. முதலில் உன் அட்டையைத்தான் படித்தேன், அதன் பிறகுதான் கோடு கண்ணில் பட்டது. எண்ணினேன். ஏழில் ஒன்று உன் ஓட்டையோடு போயிற்று, ஆறு இருக்கின்றன. அங்கேயே நின்று அழுதேன். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கோடு போட்டவளைக் கேட்டாரா, ஒட்டியவனைக் கேட்டாரா என்று எனக்கே தெரியவில்லை.

எப்படியோ அடையாளம் தெரிந்து தலைவர் என்னை உள்ளே கூப்பிட்டார். தேநீர் வரவழைத்தார். பேச்சு தேனாக ஒழுகியது. "உங்க மனக்கஷ்டம் புரியுதும்மா. படத்த எடுத்துக்கணும்னு எழுதியிருந்தீங்க. விதிவிலக்கா அனுமதிக்கறோம். இன்னிக்கே கொண்டு போகலாம்."

"எந்தப் படத்த சார்?" என்றேன். "நான் திருப்பிக் கேட்டது பட்டை ஒட்டின படத்த. அது இப்ப இல்ல. இது என்னோட படம். கடைசி நாள் வரைக்கும் கலைஞரே வந்தாலும் எடுக்க உரிமை இல்லன்னு ஒன்பதாவது பிரிவுல இருக்கு. நீங்கதான் எழுதினீங்க."

தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். உன் கடைப்பக்கம் போகலாமா என்று பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். போகவில்லை. என் கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை, அது தீராமல் வந்து நின்றால் வாசலிலேயே சண்டை போடுவேன்.

பட்டை வந்து சேர்ந்தது. இரண்டு நாளாக மேசை மேல் வைத்துப் பார்க்கிறேன். கை நடுங்கவில்லை. மூச்சும் சரியான இடத்தில் விட்டிருக்கிறாய். ஒரு வரைவாளரின் கோடு இல்லை அது, குழாய்க் கோடு என்று நான் எழுதியது தப்பு. ஆனால் அதை என் கோட்டின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு போட்டாய். அதை நான் மன்னிக்கமாட்டேன். போடுவதென்றால் உன் சொந்தத் தாளில் போடு, உன் பெயரை எழுது, அவர்கள் மூன்று தடவை தள்ளட்டும். அப்புறம் பேசிக்கொள்ளலாம் யார் கோடு நன்றாக இருக்கிறதென்று. இனி என் படம் எங்கே தொங்கினாலும் அட்டையில் "ஒட்டியவர்" என்று ஒரு வரி வரும். போடமாட்டோம் என்றால் படமும் தொங்காது.

பாறைப் படத்துக்காக நான் பேசாமல் இருந்தது அநியாயம். மூலை கிழிந்ததற்கு அப்பாவின் கட்டில் பக்கத்தில் வைத்து உன்னைத் தண்டித்தேன். சொல்லிவிட்டேன். இதை இரண்டாம் தடவை எழுதவைக்காதே.

இந்தக் கடிதத்தோடு அட்டைக்குழாயில் சுருட்டி ஒரு தாள் வருகிறது. பத்தடி. முந்தாநாள் விடிந்ததும் போட்டது, இதைவிட நல்ல கோடு இதுவரை எனக்கு வந்ததில்லை. வேறு ஆளிடம் கொடுக்கச் சொல்லி இங்கே நாலு பேர் புத்தி சொன்னார்கள். உன்னிடம்தான் கொடுப்பேன். இடது கை முந்தும், ஜாக்கிரதை. கிழிந்தால் அன்றைக்கே போன் போடு. எடுப்பேன். வாய்க்கு வந்தபடி திட்டுவேன். திட்டி முடித்ததும், சாப்பிட்டாயா என்று கேட்பேன்.

அக்கா